செத்த பலகை சாகவில்லை

சில நூறு ரூபாய் விலை. ஏறக்குறைய தீப்பெட்டி அளவு. அதற்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டரும் வைஃபை, புளூடூத் வசதிகளும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் கைபேசிக்குத் தகவல் அனுப்பவோ, வயலின் ஈரத்தை அளந்து சொல்லவோ ஈஎஸ்பி32 பலகையைப் பழக்கிவிடலாம். பொறியியல் மாணவர்களிடையே அதற்கு நல்ல மவுசு. ஆனால் வாங்கிய அன்றே ‘செத்த பலகை’ என்ற பட்டத்துடன் மேஜை டிராயருக்குள் போய்விடுவதும் உண்டு.

இதற்கு மூத்தது ஈஎஸ்பி8266. ஷாங்காயில் இயங்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் அந்த சிப் 2014-ல் வெளிநாட்டு ஆர்வலர்களின் கைக்கு வந்தபோது அதன் விவரக் குறிப்புகள் சீன மொழியில் இருந்தன. ஆர்வலர்களே அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். சிப் உலகெங்கும் பரவியது. 2016-ல் ஈஎஸ்பி32 வந்தது. இன்று குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புதியவர்கள் இடறுவது புரோகிராம் எழுதுவதற்கும் முன்னால்.

முதல் சந்தேகம் கேபிள் மீது விழ வேண்டும். சார்ஜ் செய்வதற்கு மட்டுமே ஆன யுஎஸ்பி கேபிளில் தகவல் கம்பிகள் கிடையாது. பலகையில் விளக்கு எரியும். கம்ப்யூட்டருக்கோ எதுவும் தெரியாது. அடுத்தது டிரைவர். யுஎஸ்பி துளைக்கு அருகே உள்ள சிறு சிப் சிபி2102-ஆ, சிஎச்340-ஆ என்று பார்த்து அதற்குரிய டிரைவரை நிறுவினால், விண்டோஸில் ‘காம்’ என்ற பெயரும் ஓர் எண்ணும் கொண்ட போர்ட் தோன்றும்.

இனி இலவசமாகக் கிடைக்கும் ஆர்டுயினோ மென்பொருள். அதில் ஈஎஸ்பி32-க்கான தொகுப்பைச் சேர்த்து, பலகையையும் போர்ட்டையும் தேர்ந்தெடுத்து, ஒரு மாதிரி புரோகிராமை ஏற்றலாம். ‘கனெக்டிங்’ என்று திரை திணறினால் பலகையின் ‘பூட்’ பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். பதில் புரியாத எழுத்துகளாக வந்தால், புரோகிராமில் உள்ள வேகத்தையே, பெரும்பாலும் 115200, திரையிலும் வைக்க வேண்டும்.

வைஃபை கிடைக்கவில்லையா? ஈஎஸ்பி32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் அதன் கண்ணில் படாது.

இவை எல்லாம் சரிசெய்யக்கூடிய கோளாறுகள். பலகையை உண்மையிலேயே கொல்லக்கூடியது வேறு: 3.3 வோல்ட் தாங்கும் அதன் கால்களில் 5 வோல்ட் கொடுப்பது. அதைச் செய்யாதவரை, டிராயரில் கிடக்கும் பலகைக்கு உயிர் இருக்கவே வாய்ப்பு அதிகம். வேறு கேபிளுடன் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம்.