வீட்டு வண்டி – 11: டப்பாவின் பின்பக்கம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், “ஆட்டோமேட்டிக் வண்டி, கியர் பாக்ஸுக்கு ஆயில் வேணும்” என்று கேட்டால், சில கடைகளில் மறுகேள்வி கிடையாது. சிவப்பு எண்ணெய் அடைத்த டப்பா மேசைக்கு வந்துவிடும். டி.க்யூ. ஆயில். காஸ்ட்ராலின் சரக்குப் பெயர் அது. பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றி ஊற்றி, எந்தக் கம்பெனி சிவப்பு எண்ணெயையும் அப்படியே கேட்டு வாங்குகிறார்கள். ஸ்டியரிங்குக்குச் சரி. உங்கள் கியர் பாக்ஸுக்குச் சரியா என்பதுதான் இந்த வாரத்துச் சங்கதி.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆட்டோமேட்டிக் கார் இந்தப் பக்கம் பரவலானது சமீபத்தில்தான். துபாயிலும் மஸ்கட்டிலும் இடதுகாலுக்கு வேலையில்லாமல் ஓட்டிப் பழகி, ஊருக்குத் திரும்பியபின் கிளட்ச் மிதிக்க மனமில்லாதவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ ஏ.எம்.டி.யோடு வந்தது. அதன்பின் விலை கையெட்டும் தூரத்துக்கு இறங்க, டி.என்.74, 75 பதிவெண் வண்டிகளில் இரண்டு பெடல் மட்டும் உள்ளவை பெருகின. முழங்கால் வலி உள்ள அப்பாவுக்கென்று வாங்கிய வண்டியை வீடே ஓட்டுகிறது.

சிக்கல் என்னவென்றால், ஆட்டோமேட்டிக் என்று நாம் ஒரே வாயில் சொல்வது நான்கு வெவ்வேறு இயந்திரங்களை. எது நம்முடையது என்று தெரியாமல் எண்ணெய் பேச்சை ஆரம்பிக்கவே கூடாது.

செலேரியோ வகை ஏ.எம்.டி.யைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சை அழுத்தவும் கியரைத் தள்ளவும் ஒரு கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே ஓடுவது மேனுவலுக்குரிய கியர் ஆயில். சிவப்பு எண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை. அந்தக் கருவி எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் மாடலானால், அதற்குச் சிறிய தனித் தொட்டியில் தனி எண்ணெய் இருக்கும்.

சி.வி.டி. வேறு சாதி. அதில் மாறும் பல்சக்கரங்கள் இல்லை. இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு எஃகுப் பட்டை. எஃகு எஃகைக் கவ்விப் பிடித்துத்தான் சக்கரத்துக்கு விசை போகிறது. ஆகவே அதன் எண்ணெய் தேய்மானத்தையும் தடுக்க வேண்டும், பிடியையும் விடக்கூடாது. 2014க்குப் பிந்தைய ஹோண்டா சிட்டி சி.வி.டி.க்கு எச்.சி.எஃப்-2 என்று கம்பெனி குறிப்பிடுவது இதற்காகத்தான். இதில் சாதாரண ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட், அந்தச் சிவப்பு எண்ணெய்) ஊற்றினால் பட்டை வழுக்கும், கப்பியின் முகத்தில் கோடு விழும். கோடு விழுந்தபின் எந்த எண்ணெயும் காப்பாற்றாது.

மூன்றாவது, இரட்டை கிளட்ச். இதில் நம் ஊர்க்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன், 7 கியர் டி.எஸ்.ஜி. (அந்தக் கம்பெனியின் இரட்டை கிளட்ச்) பொருத்திய சுமார் 16 லட்சம் வண்டிகளை உலகெங்கும் திரும்ப அழைத்தது. கியர் பாக்ஸிலிருந்த சிந்தெடிக் எண்ணெயை வடித்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றுவதற்காக! சூடும் ஈரமும் சேர்ந்த நாடுகளில், நின்று நின்று நகரும் போக்குவரத்தில், அந்த சிந்தெடிக் எண்ணெயால் கியர் பாக்ஸின் மின்சாரப் பகுதியில் கோளாறு வரலாம் என்று கண்டார்கள். சூடு, ஈரம், நின்று நகர்தல்: வைகாசி மாதத்து முகூர்த்த நாளில் மார்த்தாண்டத்தைக் கடந்தவர்களுக்கு இது வெளிநாட்டுச் செய்தியாகவே தோன்றாது. “சிந்தெடிக்தான், விலை கூடினது, தைரியமா ஊத்துங்க” என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் உண்மையில் ஏ.டி.எஃப். கேட்கும் வகை. டார்க் கன்வெர்ட்டர். இன்னோவா கிரிஸ்டா, 6 கியர் கிரெட்டா எல்லாம் இதில் வரும். இங்கே எண்ணெயை வெறும் மசகு என்று நினைத்தால் தேர்வு பிழைத்துவிடும். இன்ஜினின் விசையைக் கியர் பாக்ஸுக்குக் கடத்துவதே எண்ணெய்தான். உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்தி மூடுவதும் எண்ணெய். அந்தத் தட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது காகித வகைப் பட்டை. அது எண்ணெயில் நனைந்தபடியே வழுக்கி, பிறகு பிடிக்க வேண்டும். எத்தனை நொடி வழுக்க வேண்டும், எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை எண்ணெயில் கலந்த ரசாயனம் முடிவு செய்கிறது. பிடி கூடினால் வண்டி உதறும். குறைந்தால் தட்டு வழுக்கிக் கருகும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஃபோர்டுக்கு உதறலோடு சட்டென்று பிடிக்கும் எண்ணெய், ஜெனரல் மோட்டார்ஸுக்கு மெத்தென்று பிடிக்கும் எண்ணெய் என்று இரண்டு கட்சி இருந்தது. இரண்டும் சிவப்பு. நிறம் ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் போட்ட சாயம். தரத்துக்கும் அதற்கும் உறவில்லை.

அந்த மெத்தென்ற பிடிக்கு அவர்கள் நம்பியிருந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டம் திமிங்கிலப் பொருள்களைத் தடுத்தபோது அவசரமாக மாற்றுக் கலவை தேட வேண்டி வந்தது. முதலில் வந்த மாற்று, ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானின் ஈயப் பற்றை அரித்தது. ஒரே ஒரு சேர்மானம் மாறியதற்கு இவ்வளவு.

டெக்ஸ்ரான் என்ற பெயர் அந்த ஜெனரல் மோட்டார்ஸ் வழியில் வந்ததுதான். இப்போது கடையில் உள்ள டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ‘டெக்ஸ்ரான்-3’ என்று பல டப்பாக்களில் இருக்கும். அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. ஆக, இன்று அச்சிட்டிருக்கும் அந்த வாசகம் எண்ணெய்க் கம்பெனி தானே தனக்குக் கொடுத்துக்கொண்ட நற்சான்று. பொய்யென்று சொல்லவில்லை, சரிபார்க்க ஆள் இல்லை என்கிறேன். ‘எல்லா வண்டிக்கும்’ என்ற டப்பாக்களிலும் சிறிய எழுத்துகளில் ‘பயன்படுத்தத் தகுந்தது’ என்றே போட்டிருக்கும். ‘அனுமதி பெற்றது’ என்று இருக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் உங்கள் கியர் பாக்ஸின் விலை.

என் கட்சி இதுதான்: உரிமையாளர் கையேட்டைத் திறந்து, அதில் உள்ள குறியீட்டை எழுத்து பிசகாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப்போங்கள். கிரிஸ்டாவுக்கு டபிள்யூ.எஸ்., 6 கியர் ஹூண்டாய்க்கு எஸ்.பி.-4, பழைய 4 கியர் ஹூண்டாய்க்கு எஸ்.பி.-3. ஒரே கம்பெனியின் பழையதும் புதியதும்கூட ஒன்றுக்கொன்று மாற்றாகாது. புது எண்ணெய்கள் பழையவற்றைவிட நீர்த்தவை: 100 டிகிரி சூட்டில் டெக்ஸ்ரான்-3 போன்றவை 7 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் இருக்க, டபிள்யூ.எஸ். வகை 6க்குக் கீழே. வால்வுகளும் பம்பும் அந்த நீர்மைக்குக் கணக்கிட்டுச் செய்தவை. பிராண்ட் எதுவானாலும் பரவாயில்லை, குறியீடு பொருந்தட்டும். வாரண்டி காலத்துக்குள் என்றால் கம்பெனி எண்ணெயைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து, மாற்றவே வேண்டுமா என்ற வழக்கு. “ஒண்ணும் செய்யாண்டாம் சார், கம்பெனியே லைஃப்டைம்னு போட்டிருக்கான்லா” என்பார் ஒரு மெக்கானிக். யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டிய இடம் அது. பல ஜெர்மன் கார்களுக்கு கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்தில் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ சர்ச்சுக்கோ, அவ்வப்போது திருவனந்தபுரத்துக்கோ போய்வரும் நம் குடும்ப வண்டிக்கு கிலோமீட்டர் எட்டுமுன் வருஷம் எட்டிவிடும். எண்ணெயின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. நெரிசலில் ஊர்வதும், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறை பக்கம் மேடேறுவதும் சூடேற்றும் வேலைகள்.

“இத்தன நாளு மாத்தாம ஓட்டிட்டு இப்ப மாத்தினா கியர் பாக்ஸ் போயிரும்” என்ற பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய, எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை வீசும் பாக்ஸ் புது எண்ணெயால் பிழைக்காது. பழி மட்டும் எண்ணெய்க்கு வரும். ஒழுங்காக ஓடும் வண்டிக்கு இந்தப் பயம் தேவையில்லை.

மாற்றும்போது இரண்டு விஷயம். அடி நட்டைக் கழற்றினால் பாதிக்கும் குறைவாகவே வடியும். மீதி கன்வெர்ட்டரில் தங்கிவிடும். மெஷின் வைத்துத் தள்ளுவதைவிட, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு முறை வடித்து ஊற்றுவதே எனக்குப் பிடித்த வழி. அளவு பார்ப்பதும் சூட்டோடு சேர்ந்தது. டிப்ஸ்டிக் இல்லாத பல டொயோட்டா பாக்ஸ்களில் எண்ணெய் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் அளவு சரியாகத் தெரியும். சித்திரை வெயிலில் நின்ற வண்டி அந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடும். காலையில் முதல் வேலையாக வண்டியைக் கொடுங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. 2021 நவம்பர் போல வெள்ளம் வந்து வண்டி முங்கினால், கியர் பாக்ஸின் மூச்சுக்குழல் வழியே தண்ணீர் உள்ளே போகும். எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி ஆகியிருந்தால் தண்ணீர் கலந்தாயிற்று. தட்டிலுள்ள காகிதப் பட்டை தண்ணீர் குடித்து ஊதி, பசை விட்டு உரியும். ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். இன்ஜின் ஓடாமல் எண்ணெய்ப் பம்பு சுற்றாது, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே வறட்டுத் தேய்மானம். நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிப்போகும் மேடை வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

(அடுத்த வாரம்: டயரில் எழுதியிருக்கும் தேதி)