தராசு கடையோடு நின்றுவிடலாமா?



ஒரு லோடு துவரம் பருப்பு வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? கையில் அள்ளி மாதிரி பார்க்கிறோம். எடை போடுகிறோம். சாக்கு எடையைக் கழிக்கிறோம். பிறகுதான் பணம். அதே நாம், வீட்டில் ஓர் அறை எடுக்கவோ கடைக்குப் பின்னால் கிட்டங்கி கட்டவோ கொத்தனாரைக் கூப்பிட்டால், "நீங்க பார்த்துச் செய்ங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம்.

நானும் அப்படிச் செய்தவன்தான். கிட்டங்கிக்கு இரண்டடி வானம் தோண்டிச் சுவர் எழுப்பியாயிற்று. கூலி மிச்சம் என்று மகிழ்ந்தேன். அடுத்த கோடையில் சன்னல் மூலையிலிருந்து விரல் நுழையும் அளவு வெடிப்பு. ஐப்பசி மழை அதன் வழியே இறங்கி, அடுக்கியிருந்த சரக்கு நனைந்தது. மிச்சம் பிடித்த கூலியைவிட நஷ்டம் பல மடங்கு. எத்தனை அடி ஆழம் என்று நான் கேட்கவுமில்லை, எழுதவுமில்லை. எனவே குற்றம் கொத்தனாருடையது மட்டுமல்ல.

முதலில் மண்

குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கரிசல் பரந்த பூமி. கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாய் வெடிக்கும். அதன் மேல் நிற்கும் சுவரும் சேர்ந்தே அசையும். ஆகவே ஈரம் ஏறி இறங்கும் மண்ணைத் தாண்டிக் கடைக்கால் கீழே போக வேண்டும். அல்லது கரிசலை அகற்றிச் சரளை நிரப்பிக் கெட்டிக்க வேண்டும். அடியில் குமிழ் போல அகலமாக்கிய கான்கிரீட் தூண் இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென்றே உருவாக்கியது. உங்கள் இடத்திற்கு எது பொருந்தும் என்பதைப் பொறியாளரிடம் கேளுங்கள். அவருக்குக் கொடுப்பது வீண் செலவல்ல.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

குறைந்த கூலி சொன்னவர் என்பதற்காக வேலையைக் கொடுக்காதீர்கள். அவர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டைப் போய்ப் பாருங்கள். புதுச் சுண்ணாம்பு எதையும் மறைக்கும். நாலு மழை பார்த்த சுவர் மறைக்காது. வீட்டுக்காரரிடம், "சொன்ன நாளில் வந்தாரா, சொன்ன கணக்கில் முடித்தாரா?" என்று கேளுங்கள்.

சிட்டை இல்லாமல் வேலை இல்லை

கூலி மட்டுமா, சாமானோடு சேர்த்தா? சதுரத்திற்கு என்ன விலை? கலவை என்ன விகிதம்? கம்பி என்ன கனம்? சென்ட்ரிங் யார் பொறுப்பு? எல்லாம் ஒரு தாளில் வரட்டும், இருவரும் கையெழுத்திடுங்கள். நடுவில், "இங்கே ஒரு பரண் போடுங்கள்" என்றால், அதற்கு ஆகும் கூடுதல் கூலியையும் அன்றே எழுதிவிடுங்கள். பெரும்பாலான மனக்கசப்பு இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

மணல் லாரியை நீங்களே அளக்கலாம். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, உயரம் இரண்டரை அடி என்றால் 150 கன அடி. அதாவது ஒன்றரை யூனிட். கான்கிரீட்டைச் சாதாரண சிமெண்டுக்கே குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். பி.பி.சி. சிமெண்டுக்கும், நம் ஊர் வெயிலுக்கும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. தண்ணீருக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மதிப்பீடு போடும்போது வரியையும் சேருங்கள். 22.9.2025 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. ஆனால் சொந்தக் கடைக் கட்டடச் செலவுக்குப் பொதுவாக உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது.

பணம் தரும் முறை

முன்பணம் அளவாக இருக்கட்டும். கடைக்கால், பேஸ்மட்டம், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக, முடிந்த வேலைக்குப் பணம் தாருங்கள். ஒரு சிறு தொகை மழைக்காலம் முடியும்வரை நிற்கட்டும்; இதையும் முதல் தாளிலேயே எழுதுங்கள். ஆனால் சனிக்கிழமைக் கூலியை நிறுத்தாதீர்கள். கடன் வாங்கிய வாடிக்கையாளர் இழுத்தடித்தால் நமக்கு எப்படி இருக்கும்? சித்தாள் வீட்டு அடுப்புக்கும் அப்படித்தான். குறை கண்டால் ஆட்கள் முன் சத்தம் போடாமல் மேஸ்திரியைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

சண்டை வந்தால்

வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் பேசிக் கட்டிய வீட்டில் குறை இருந்தால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வியாபாரத்திற்கான கட்டடம், நாள் கூலிக்கு வைத்த ஆள் என்றால் அந்த வழி எளிதல்ல. எப்படியானாலும் அங்கே பேசப்போவது நம் கையிலுள்ள தாளும் ரசீதும்தான்.

வீட்டைக் கட்டிப்பார் என்றார்கள் பெரியோர். கணக்கு வைத்துக் கட்டிப் பார்ப்போம். கொத்தனாரும் நண்பராகவே விடைபெறுவார்.