கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கரித்தடம்

ஆவடியிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தில், பொதுத் தேர்வு முடிந்ததும் தந்தையார் வாங்கித் தருவதாக வாக்களித்திருக்கும் விளையாட்டு யந்திரம் சோனியின் பிளேஸ்டேஷன் 5 ஆக இருக்கவேண்டுமா, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸாக இருக்கவேண்டுமா, அல்லது நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 ஆக இருக்கவேண்டுமா என்று கேட்டிருப்பதோடு, மூன்றின் வேகத்தையும் கொள்ளளவையும் கட்டம் போட்டு ஒப்பிட்டு ஓர் அட்டவணையும் இணைத்திருக்கிறார். கன்சோல் என்பது இன்னதென்று அவருக்கு நான் விளக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். ஆகையால் அதை விட்டு, அந்த அட்டவணையில் இடம்பெறாத ஒரு விஷயத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் ஒப்பீட்டைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் சீரிஸ் எஸ்ஸும் 2020 நவம்பர் 10 அன்றும், பிளேஸ்டேஷன் 5 2021 பிப்ரவரி 2 அன்றும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. சீரிஸ் எஸ் விலையில் குறைந்தது. ஆனால் அதில் டிஸ்க் போடும் வாய் கிடையாது என்பதால், பழைய டிஸ்க்கைப் பாதி விலைக்கு வாங்குவதும், ஆடி முடித்ததை நண்பனுக்கு இரவல் கொடுப்பதும் அதை வாங்கியவருக்கு இல்லை. 2025 ஜூன் 5 அன்று வெளிநாடுகளில் வெளியான ஸ்விட்ச் 2, கையிலேயே எடுத்துச் சென்று ஆடத்தக்கது. எனினும் நின்டென்டோ நம் நாட்டில் நேரடியாக வியாபாரம் செய்யாததால், சென்னை ரிச்சி தெருக் கடைகளுக்கு வருவதெல்லாம் இறக்குமதிச் சரக்கு, அதன் உத்தரவாதம் கடைக்காரரின் நாணயத்தைப் பொறுத்தது.

வரப்போகும் விளையாட்டுகளில் வாலிபர் உலகம் ஆவலோடு எதிர்பார்த்திருக்கும் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6’, 2026 நவம்பர் 19 அன்று வெளியாகுமென்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2013இல் வந்த அதன் முந்தைய பாகம் ஐரோப்பியத் தரப்பிரிப்பில் 18 வயது நிரம்பியவர்களுக்கென்று முத்திரை பெற்றதாகையால், பதினைந்து வயதுப் பிள்ளை அதற்காகவே ஒரு யந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது உசிதமன்று என்பது என் அபிப்பிராயம். டொரான்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வையோ எவரும் ஆடலாம். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், கிழிந்து கறைபட்ட சமையற்குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி முதலிய பண்டங்களைச் சமைக்க முயலும் அந்த விளையாட்டு, 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதைச் சிறந்த அறிமுகப் படைப்பென்ற முறையில் பெற்றது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் ஆகிய எல்லாவற்றிலும் ஓடுகிறது.

இனி, என்னை வெகுநாளாக வசீகரித்துவரும் விஷயத்துக்கு வருகிறேன். கன்ட்ரோலரில் கட்டைவிரல் அமரும் குமிழ் இருக்கிறதே, யந்திரத்தின் அபாரமான கணிதசக்தி முழுவதும் அந்தக் குமிழின் பேச்சை நம்பித்தான் நடக்கிறது. அம்பத்தூர் ஓ.டி. அருகே செல்போன் ரிப்பேர் செய்யும் ஓர் இளைஞர், பழுதான கன்ட்ரோலர் ஒன்றைத் திறந்து, குமிழின் அடிக்கட்டின் பக்கத்தில் ஒட்டியிருந்த, நகக்கண் அளவேயான மூடியை நெம்பி எடுத்து எனக்குக் காட்டினார். உள்ளே குதிரை லாட வடிவில் ஒரு கரித்தடம். அதன்மேல் உராய்ந்து செல்ல, நுனி பிளந்த மெல்லிய உலோக நாக்கு ஒன்று. குமிழை இடம் வலமாக அசைத்தால் ஒரு தடத்திலும், மேல் கீழாக அசைத்தால் மற்றொரு தடத்திலும் நாக்கு நகர்கிறது. நாக்கு நிற்கும் இடத்துக்குத் தக்கபடி மின்னழுத்தம் கூடுகிறது அல்லது குறைகிறது. அதைப் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் 0 முதல் 255 வரையிலான எண்ணாக மாற்றி அனுப்ப, நடுவில் நின்றால் ஏறக்குறைய 128 என்று யந்திரம் அறிந்துகொள்கிறது. எங்கள் வீட்டுப் பழைய ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகிலும் இதே கரித்தடம்தான் இருந்தது. வயதான பின் அதைத் தொட்டாலே கரகரவென்று இரைந்து, செய்தி வாசிப்பவரின் குரலை விழுங்கிவிடும்.

ரேடியோவின் திருகு நாளைக்கு நாலைந்து முறை திருகப்படுவது. விளையாட்டுக் குமிழோ நிமிடத்துக்குப் பல முறை சுழல்வது. பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரின் குமிழை ஆராய்ந்த ஐஃபிக்ஸிட் நிறுவனம், கரித்தடத்துக்குத் தயாரிப்பாளர் குறித்திருக்கும் ஆயுள் 20 லட்சம் சுழற்சிகள் என்பதை எடுத்துக்காட்டி, வேகமான போர் விளையாட்டு ஒன்றில் அந்த ஆயுள் 417 மணி நேரத்தில் தீர்ந்துவிடக்கூடுமென்று கணக்கிட்டது; தினம் இரண்டு மணி ஆடுபவருக்கு இது ஏழு மாதம். தேய்ந்த கரி தூளாகி நாக்கின் அடியில் படிய, குமிழை எவரும் தொடாதபோதும் ‘இடப்பக்கம் போ’ என்று அது யந்திரத்துக்குப் பொய்ச் செய்தி சொல்ல, திரையிலுள்ள வீரன் தானாகவே சுவரை நோக்கி நடக்கத் தொடங்குகிறான். பிள்ளைகள் ‘டிரிஃப்ட்’ என்று சலித்துக்கொள்ளும் வியாதி இதுவே. முதல் ஸ்விட்ச்சின் குமிழ்களைப் பற்றி ஏறக்குறைய 25,000 புகார்களைத் திரட்டி, ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு 2021 ஜனவரியில் அதிகாரிகளிடம் முறையிட்டது.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துப் பல்கலைக்கழக மாணவராயிருந்த எட்வின் ஹால், 1879இல் மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்குக் குறுக்கே காந்தத்தை வைத்தபோது, ஓட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கித் தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே சிறு மின்னழுத்தம் பிறப்பதைக் கண்டார். குமிழின் அடியில் சிறு காந்தத்தைப் பொருத்தி, அது நகர்வதை இம்முறையில் உணரச் செய்தால் நாக்கும் வேண்டாம், கரியும் வேண்டாம். உராய்வில்லாத இடத்தில் தேய்வுமில்லை. நம் தெருக்களில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றின் ஆக்ஸிலரேட்டர் பிடியில் இருப்பதும் இந்த உபாயம்தான். ஜப்பானின் சேகா நிறுவனம் 1996இலேயே சாட்டர்ன் யந்திரத்தின் கன்ட்ரோலர் ஒன்றிலும், 1998இல் டிரீம்காஸ்ட்டிலும் இதைக் கையாண்டிருக்க, கால் நூற்றாண்டு கழித்து வந்த ஸ்விட்ச் 2, கன்ட்ரோலரை யந்திரத்தோடு ஒட்டவைக்கக் காந்தத்தைப் பயன்படுத்தி, குமிழுக்குள் மட்டும் பழைய கரித்தடத்தையே வைத்திருப்பதை என்னவென்று சொல்வது!

அந்த இளைஞர் சொன்னார்: “பாதிப் பேர் ரிப்பேர் பண்ணலாம்னே தெரியாம புதுசு வாங்கிடறாங்க சார்.” ஒரு குமிழைக் கழற்ற 14 ஈயப்பற்றுகளை உருக்கவேண்டும், பொறுமையும் நல்ல சால்டரிங் அயர்னும் இருந்தால் ஒரு பிற்பகலில் முடிகிற காரியம், காந்தக் குமிழ்களும் உதிரியாகக் கிடைக்கின்றன. தொழிற்பேட்டையின் லேத்துகளும் அரசு ஐ.டி.ஐ.யும் உள்ள அம்பத்தூரில், கைவேலை கற்றுக்கொள்ள ஆளில்லை என்று எவரும் சொல்லமுடியாது. ஆயினும் முறுக்கு தின்ற விரலால் குமிழைப் பிடிப்பதும், தோற்ற ஆத்திரத்தில் கன்ட்ரோலரைத் தரையில் எறிவதும், கெட்டதைக் குப்பை வண்டியில் போடுவதும் வழக்கமாகிவிட்டன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் வீடியோ கேம் சாதனங்களும் சேர்ந்திருப்பதால், அது சாதாரணக் குப்பையுமன்று.

ஆனால் பிள்ளைகளுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு நிறுத்துவது நியாயமாகாது. நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்குகள் என்று பெருமையாக விளம்பரம் செய்யும் நிறுவனங்கள், குமிழ் எத்தனை சுழற்சி தாங்கும், தேய்ந்தால் உதிரி என்ன விலை என்பவற்றையும் பெட்டியின்மேல் அச்சிடட்டும். அதுவரையில், ஐம்பதினாயிரம் ரூபாய் கொடுக்கும் தகப்பனார்கள் கடையில் முதலாவதாக இந்தக் கேள்வியைக் கேட்பதும், தக்க பதில் சொல்லாத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவதுமே விவேகம்.