வற்றாத மகிழ்ச்சி

செல்வமும் உடல்நலமும் தரும் மகிழ்ச்சி அவை அகலும்போது தானும் அகன்றுவிடுகின்றது. கிறிஸ்தவர் கூறும் மகிழ்ச்சியின் ஊற்றோ இறைவனின் அருள். அது மனிதன் உழைத்துப் பெற்ற கூலியன்று. இறைவன் வழங்கிய கொடை. மனிதனின் நிலைமையைப் பொறுத்து வராத அது, நிலைமை மாறும்போது மறைவதுமில்லை. பவுலடியார் பிலிப்பியருக்கு மகிழ்ச்சியைப் பற்றி எழுதியது சிறையிலிருந்தே என்பது எண்ணத்தக்கது.

இந்நம்பிக்கை கொழும்பிலும் சோதனைக்குள்ளாயிற்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் வழிபாட்டின் நடுவே குண்டு வெடித்தது. நாட்டின் பல இடங்களில் அன்று நிகழ்ந்த தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செப்பனிடப்பட்ட ஆலயம் ஜூன் 12ஆம் நாள், அந்தோனியார் திருநாளுக்கு முந்தின தினத்தில், மீண்டும் திறக்கப்பட்டது.

இழப்பு நேர்ந்து இரு மாதமும் நிறையாத வேளையில் வந்த திருநாள் அது. துயரை மறப்பதற்கான கேளிக்கையாக அதனைக் கருதுதல் பிழை. அருள் கண்ணீரைத் தடை செய்வதில்லை; அழுவோரைக் கைவிடுவதுமில்லை. கண்ணீர் உலருமுன்னரே நன்றி கூற ஒருவருக்கு இயலுமாயின், அந்நன்றியே வற்றாத மகிழ்ச்சியின் தொடக்கமாகும்.