காற்றிலிருந்து வந்த உரம்



மேலுரம் போடும் நாளில் யூரியா மூட்டையைப் பிரிக்கிறோம். அந்த வெள்ளைக் குருணை எதிலிருந்து வருது என்று எப்போதாவது யோசித்தது உண்டா? காற்றிலிருந்துதான் வருது!

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். பயிருக்கு வேண்டிய தழைச்சத்து இதுதான். ஆனால் பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் சாணமும் தழையும்தான் அந்தக் கால உரம். 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து நைட்ரேட் உப்பை வெட்டிக் கப்பலில் கொண்டு வந்தார்கள். "இது தீர்ந்துபோனால் கோதுமை பத்தாது, காற்றிலிருந்து எடுக்க வழி தேடணும்" என்ற கருத்தில் 1898-ல் இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார்.

வழி கண்டவர் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் அழுத்தத்தில், கடும் சூட்டில் சேர்த்து அம்மோனியா வாயு உண்டாக்கலாம் என்று 1909-ல் செய்து காட்டினார். காரல் போஷ் அதைப் பெரிய ஆலையாக்கினார். 1913-ல் ஓப்பாவ் என்ற ஊரில் உற்பத்தி தொடங்கியது. அம்மோனியாவுடன் கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. முதல் உலகப் போரில் இதே அம்மோனியாவிலிருந்து ஜெர்மனி வெடிமருந்து செய்தது. 1921-ல் ஓப்பாவ் ஆலையில் உரக் குவியல் வெடித்து 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆனாலும் இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேர் சாப்பிடும் சோறு, ரொட்டி இந்த உரத்தால் விளைவதுதான். நம்ம மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியா ஆலைகள் இருக்கின்றன.

45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கு. போட்டதெல்லாம் பயிருக்குப் போறதில்லை. கொஞ்சம் தண்ணியோடு போகும், கொஞ்சம் மறுபடி அம்மோனியாவாகக் காற்றிலேயே கலந்துவிடும். அதிகம் போட்டால் பயிர் கரும்பச்சையாகி, புகையான் பூச்சி வரும், கதிர் சாயும். கடன் வாங்கிப் போட்ட காசும் வீண்தானே!

அதனால் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்க. இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பச்சை வெளிறினால் போடுங்க. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்க. அதன் வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர், ஆலை செய்யும் வேலையைச் செலவில்லாமல் செய்யும்.

போன போகத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை போட்டோம், என்ன விளைந்தது? அடுத்த குழுக் கூட்டத்தில் கணக்குப் போட்டுப் பேசுவோமா?