மண்ணும் தீயும் – 6: சூளையும் மெருகும்

வெயிலில் காய்ந்த பானை தண்ணீர் பட்டால் மறுபடி சேறாகிவிடும். ஒருமுறை சூளை கண்ட பானை, உடைந்து ஓடானாலும் களியாகத் திரும்பாது. ஓடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்து வரலாறு சொல்வதற்கு இந்த மாற்றமே காரணம்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட கோடியில், வாகரையை அடுத்த கதிரவெளி, பெருங்கற்கால ஈமக் கல்லறைகளால் தொல்லியலாளர் அறிந்த ஊர். அந்தப் பண்பாட்டின் அடையாளப் பாண்டம் கறுப்பு-சிவப்பு மட்கலம். அதன் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பு; வெளியே அடிப்பகுதி சிவப்பு. இரண்டும் சாயமல்ல. களியில் உள்ள இரும்பு, காற்றோட்டமான இடத்தில் ஒட்சிசனோடு சேர்ந்து சிவக்கும். காற்று அடைபட்ட இடத்தில் ஒட்சிசனை இழந்து கறுக்கும். புகையின் காபனும் மண்ணின் துளைகளில் படியும். கலத்தை உமிக்கும் சாம்பலுக்கும் நடுவே கவிழ்த்துச் சுட்டால் ஒரே சூட்டில் இரு நிறமும் கிடைக்கும். இருமுறை சுட்டே இந்நிறங்களைப் பெற்றார்கள் என்று கருதும் ஆய்வாளரும் உண்டு.

சூடு ஏறும் வரிசை

சூளையின் முதற்கட்டம் பொறுமையைக் கேட்பது. 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது மண்ணில் எஞ்சிய ஈரம் ஆவியாகும். தீயை அவசரப்படுத்தினால் ஆவி வெளியேற வழியின்றிப் பாண்டம் வெடிக்கும். 450 முதல் 600 பாகைக்குள் களியின் மூலக்கூறுகளோடு பிணைந்த நீரும் பிரிகிறது. மண் மீளமுடியாத நிலையை அடைவது இங்கேதான். 573 பாகையில் மணலிலுள்ள படிகக்கல் சட்டென விரியும்; ஆறும்போது அதே வெப்பநிலையில் சுருங்கும். சூளையை உடனே பிரிக்காமல் தானாக ஆறவிடுவதற்கு இது முக்கிய காரணம். வைக்கோல், விறகு, தென்னம்பாளை கொண்டு எரிக்கும் திறந்த சூளை பெரும்பாலும் 700 முதல் 900 பாகை வரை எட்டும். அனலின் நிறமே அங்கு அளவுகோல்: மங்கிய சிவப்பு ஏறத்தாழ 650, செர்ரிப்பழச் சிவப்பு 800, செம்மஞ்சள் 950.

கடலோர, களப்போர மண்ணுக்குத் தனிக் கவனம் வேண்டும். அதில் கலந்த சிப்பித் துணுக்கு 800 பாகைக்கு மேல் சுட்ட சுண்ணாம்பாகிறது. பாண்டம் குறையின்றி வெளிவரும். சில நாளில் அந்தச் சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மேற்பரப்பிலிருந்து வட்டமாக ஒரு சில்லைத் தள்ளிவிடும். குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி தெரியும். மண்ணைக் கரைத்து நன்றாக வடிகட்டுவதே இதற்கு மருந்து. உப்பு மிகுந்த மண்ணில் வெண்படலமும் பூக்கும்.

மெருகிடாத பாண்டத்தின் பயன்

இந்தச் சூட்டில் வெந்த பாண்டம் துளைகள் நிறைந்தது. குடிநீர்ப் பானையில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிரும். மட்டக்களப்பின் எருமைத் தயிர் கட்டியாக உறைவதற்கு, மிகை நீரைச் சட்டி உறிஞ்சிக்கொள்வதும் துணைபுரிகிறது. ஆகவே மெருகின்மை இப்பாண்டங்களின் குறையல்ல. அவற்றின் தொழிலே அதுதான். பளபளப்பு வேண்டுமெனில், செங்காவிக் குழம்பைப் பூசி, முக்கால் காய்ச்சலில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துச் சுடுவது பழைய வழி.

மெருகுப்பூச்சு

மெருகு, அதாவது கிளேஸ், பாண்டத்தின்மேல் உருகிப் படிந்த கண்ணாடிப் படலம். அதன் உடல் சிலிக்கா. தனியே அது உருக 1,700 பாகைக்கு மேல் வேண்டும். சோடியம், பொற்றாசியம், கல்சியம், போரன், ஈயம் போன்றவற்றின் சேர்மங்கள் அந்த வெப்பநிலையை இறக்குகின்றன. உருகிய மெருகு வழிந்தோடாமல் பிடித்து நிறுத்துவது அலுமினா. விறகுச் சாம்பலில் கல்சியமும் பொற்றாசியமும் இருப்பதால் சீனக் குயவர் அதையே மெருகாக்கினர். யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் கிடைத்த சொங் வம்சக் காலச் சீனக் கலங்கள், மெருகிட்ட பாண்டம் கடல்வழியே இத்தீவுக்கு வந்ததற்குச் சான்று.

முதற்சூட்டில் 900 முதல் 1,000 பாகை வரை வெந்த பாண்டம் மெருகுக் குழம்பில் தோய்க்கப்படும். துளைகள் நீரை இழுக்க, தூள் மேலே படியும். அடிப்பாகம் துடைக்கப்படாவிட்டால் பாண்டம் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் சூட்டில் மெருகு உருகும். செப்பு பச்சையையும் கோபால்ட்டு நீலத்தையும் இரும்பு தேன்நிறம் முதல் கருமை வரையும் தரும். ஆறும்போது மெருகு பாண்டத்தைவிட அதிகம் சுருங்கினால் மயிரிழை வெடிப்பு விழும். மிகக் குறைவாகச் சுருங்கினால் விளிம்பில் உரியும்.

சாதாரணச் செங்களி 1,100 பாகையைத் தாண்டினால் பெரும்பாலும் உப்பி வளையும். 1,200 பாகைக்கு மேல் உருகும் மெருகுக்கு வேறு மண் தேவை; பொரலஸ்கமுவ, மீட்டியாகொட ஆகிய இடங்களின் வெண்களி இலங்கையில் அத்தகைய கலவைக்கு உதவுகிறது. செங்களிக்குக் குறைந்த சூட்டில் உருகும் மெருகே பொருந்தும். முற்காலத்தில் அதற்கு ஈயம் பயன்பட்டது. சரியாக அமையாத ஈய மெருகிலிருந்து தயிர், புளி, தேசிக்காய்ச் சாறு ஆகியவற்றின் அமிலம் நஞ்சைக் கரைத்தெடுக்கும். போரன் சேர்த்து உருக்கி அரைத்த தூள் அதே வெப்பநிலையில் ஈயத்தின் வேலையைச் செய்யும். உணவுப் பாண்டத்துக்கு ஈயம் கலவாத மெருகு ஒன்றே ஏற்றது.

(தொடரும்)