எண்களைச் சித்திரமாக்கும்போது

எண்களை வரிசையாக அடுக்கிக் கூறினால் கேட்போர் சலிப்புறுவர். அவற்றையே படமாக வரைந்து காட்டினால் எளிதில் உணர்ந்துகொள்வர். ஆயின், பொருந்தாத படம் கற்றோரையும் மயக்கவல்லது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1786 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபெயர் என்பார் இங்கிலாந்தின் வர்த்தகத்தை விளக்கும் நூலொன்றை வெளியிட்டார். ஆண்டுதோறும் ஏறியிறங்கிய வாணிபத்தை அதிற் கோடுகளால் வரைந்தார். ஸ்கொத்லாந்துக்கோ ஓராண்டுக் கணக்கே அவருக்குக் கிடைத்தது. காலத்தொடர்ச்சி இல்லாதவிடத்துக் கோடு எதனை இணைக்கும்? ஆகவே, அந்நாடு 17 இடங்களுடன் நடத்திய ஏற்றுமதி இறக்குமதிகளைத் தனித்தனிச் சலாகைகளாகக் காட்டினார். சலாகை வரைபின் தொடக்கம் இதுவென்பர். வட்ட வரைபையும் 1801 இல் அவரே வழங்கினார்.

இனி, நம் மாணவர்க்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 60 மாணவருள் 24 பேர் பஸ்ஸிலும், 17 பேர் துவிச்சக்கர வண்டியிலும், 16 பேர் நடந்தும், 3 பேர் மோட்டார் வண்டியிலும் பாடசாலைக்கு வருகின்றனர் எனக் கொள்வோம். இவற்றைக் கோட்டினால் இணைப்பது பொருளற்றது. பஸ்ஸுக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் நடுவே நின்று அளக்கத்தக்கது யாதுமில்லை. வட்டத்தில் வரைந்தால் ஒரு மாணவருக்கு 6 பாகை வரும். பஸ்ஸில் வருவோர் 144 பாகை பெறுவர். முழுமையில் அவர்தம் பங்கு நன்கு விளங்கும். ஆனால் 102 பாகையையும் 96 பாகையையும் கண்ணாற் பார்த்து, பெரியது எதுவெனக் கூறுவது அரிது. சலாகைகளை ஒரே அடிக்கோட்டில் நிறுத்தினாலோ அவ்வேறுபாடு உடனே புலனாகும். கோணத்தைக் காட்டிலும், பொது அளவுகோலில் அமைந்த நிலையையே மனிதக் கண் செம்மையாக மதிப்பிடுகின்றது என்பதை அமெரிக்க அறிஞரான கிளீவ்லாந்து, மக்கில் ஆகியோர் 1984 இல் சோதனைகளால் நிறுவினர்.

வகைகளுக்கு இயல்பான ஒழுங்கு இல்லையாயின், பெரியதிலிருந்து சிறியதாகச் சலாகைகளை அடுக்குவது நன்று. ஒன்றுக்கொன்று இடைவெளியும் விடுதல் வேண்டும். இடைவெளியின்றி ஒட்டி நிற்பது வலையுரு வரையத்துக்கே உரியது.

எல்லாவற்றிலும் முதன்மையானது, சலாகை பூச்சியத்திலிருந்து எழவேண்டும் என்பதே. ஒரு தேர்தலில் ஒருவர் நூற்றுக்கு 52 வாக்கும் மற்றவர் 48 வாக்கும் பெற்றனர் என்க. அடிக்கோட்டை 45 இல் தொடங்கினால் சலாகைகளின் உயரம் 7, 3 என்றாகும். சிறு வெற்றி இருமடங்குக்கும் மேற்பட்டதாகத் தோன்றும். எண்கள் மெய்யாக இருந்தும் காண்போர் ஏமாறுவர். வாக்களிக்கும் மக்களுக்கு இதனாற் கேடு விளையும்.

ஆதலால், பத்திரிகையிலோ விளம்பரத்திலோ சலாகைகளைக் காணும் பிள்ளைகள் உயரத்தை நோக்குமுன் அடிக்கோட்டின் எண்ணை நோக்குவார்களாக. பெற்றோரும் அதனைப் பழக்கிவிடுதல் நலம்.